விடைபெறும் அல்பத்துக்குத் தனி அளவுகோல் வேண்டுமா?

2025 பெப்ரவரி 3 – வாசகர் ஒருவர் எழுதியது

கனடாவின் ரொக் இசைக்குழுவான சம் 41 குழுவினர் ஜனவரி 30ஆம் திகதி ரொறன்ரோவில் தங்கள் கடைசி நிகழ்ச்சியை நடத்தி முடித்துவிட்டார்கள். போன ஆண்டு வந்த அவர்களுடைய கடைசி அல்பத்தை, இங்கே பலர் பாட்டுப் பாட்டாகப் பிரித்துக் குறை சொல்லியிருக்கிறீர்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்த ஒரு குழு விடைபெறும்போது தருவதை மற்ற அல்பங்களைப் போல நிறுத்துப் பார்ப்பது முறையா? நன்றியோடு கேட்டுவிட்டு விடுவதுதானே பண்பு?

2025 பெப்ரவரி 4

வாசகரே, என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. விடைபெறுகிறவர்கள் மீது அன்பு வைத்திருப்பது வேறு, அவர்கள் தந்த பாட்டை மதிப்பிடுவது வேறு.

பங்க் ரொக் என்ற வேகமான, எளிமையான ரொக் இசை பிறந்த விதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியிலுள்ள ஃபொரஸ்ட் ஹில்ஸில் நான்கு இளைஞர்கள் சேர்ந்து ரமோன்ஸ் என்ற குழுவை அமைத்தார்கள். 1976இல் ஏறத்தாழ 6,400 டொலர் செலவில், 14 பாடல்களை அரை மணித்தியாலத்துக்குள் அடக்கி, முதல் அல்பத்தை வெளியிட்டார்கள். பத்து நிமிடக் கிற்றார் வாசிப்புகளிலும் பெரும் அரங்குகளிலும் ஊறிப்போயிருந்த மூத்த ரொக் கலைஞர்களுக்கு, அவர்கள் மூத்தவர்கள் என்பதற்காக மட்டும் மரியாதை தரமுடியாது என்று அந்த அல்பத்தின் ஒவ்வொரு நிமிடமும் சொன்னது. அப்படித் தொடங்கிய இசை, தனக்கு மூப்பு வந்தவுடன் சலுகை கேட்பது நியாயமாகாது. அந்தக் கலைஞர்கள் அதைக் கேட்டதாகவும் எனக்குத் தெரியவில்லை. நாம்தான் அவர்களுக்காகக் கேட்கிறோம்.

பொதுவாகப் பேசினால் பேச்சு எங்கும் போகாது. அதே ரமோன்ஸ் 1995 ஜூலையில் வெளியிட்ட பதினான்காவதும் கடைசியுமான ஸ்ரூடியோ அல்பம் 'அடியோஸ் அமிகோஸ்' என் கைவசம் இருக்கிறது. தலைப்பிலேயே விடைபெறுகிறது. அதை வைத்தே பேசுகிறேன்.

2025 பெப்ரவரி 4, இரவு

மேலே எழுதியதை யாரும் கடுமைக்கு ஆதரவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அந்த அல்பம் மிகவும் பிடிக்கும். பிடித்ததற்குக் காரணம் அது கடைசி அல்பம் என்பதா, அதிலுள்ள பாடல்களா என்பதைத்தான் தெளிவாக்கிக்கொள்ள விரும்புகிறேன்.

2025 பெப்ரவரி 9

அந்த அல்பம் எனக்குக் கிடைத்த விதத்தைச் சொல்லவேண்டும், ஏனெனில் அது என் மதிப்பீட்டைப் பாதித்திருக்கிறது.

1996இல் நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் குடியிருந்தோம். லண்டனிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட அண்ணா ஒருவரிடம் ரமோன்ஸின் இரண்டு இறுவட்டுகள் இருந்தன, ஒன்று முதல் அல்பம், மற்றது கடைசி அல்பம். அவர் திரும்பிப் போவதற்குள் இரண்டையும் றெக்கோடிங் பாரில் கொடுத்து ஒரே கசெற்றில் பதிவு செய்வித்தேன். அறுபது நிமிடக் கசெற், பக்கத்துக்கு முப்பது நிமிடம். முதல் அல்பம் 29 நிமிடம் என்பதால் 'ஏ' பக்கத்தில் சரியாக அடங்கிவிட்டது. கடைசி அல்பம் ஏறத்தாழ 34 நிமிடம். பன்னிரண்டாவது பாடலான 'ஷீ டோக்ஸ் டு ரெயின்போஸ்' முடியும்போது 'பி' பக்கத்து நாடாவும் முடிந்துவிட்டது. பதின்மூன்றாவது பாடலுக்கு இடமில்லை. பதிவு செய்தவர் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாவும் இறுவட்டுகளோடு லண்டனுக்குப் போய்விட்டார்.

அந்த ஆண்டு கொழும்பில் நீண்ட மின்வெட்டு இருந்தது. ஜனவரியில் மத்திய வங்கியில் குண்டு வெடித்திருந்தது, ஜூலையில் தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்தது. எங்கள் வயதுப் பையன்கள் மாலைக்குப் பிறகு வெளியே போவதை வீட்டில் எவரும் விரும்பவில்லை. இருட்டில் வோக்மனில் இந்தக் கசெற்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். 'ஏ' பக்கத்தில் இருபது வயதுக்காரர்கள், திருப்பிப் போட்டால் அதே குழு, ஆனால் நாற்பதைத் தாண்டிய குரல். இருபது ஆண்டுகளை ஒரே கசெற்றில் கேட்டதால், 'கடைசி' என்ற எண்ணத்தைவிட 'பிறகு' என்ற எண்ணமே என் மனதில் படிந்தது. விடைபெறும் பாடல் இல்லாமலே விடைபெறும் அல்பத்தைப் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன்.

2025 பெப்ரவரி 10

தெஹிவளையிலிருந்து எழுதும் நண்பர், விடுபட்ட அந்த ஒரு பாடல் எதை மாற்றிவிடப் போகிறது என்று கேட்டிருக்கிறார்.

நிறைய மாற்றுகிறது. 'ஷீ டோக்ஸ் டு ரெயின்போஸ்' ரமோன்ஸின் பாடகர் ஜோயி எழுதியது. தன் உலகத்துக்குள்ளேயே வாழும் ஒரு பெண்ணைப் பற்றிய, அவசரமில்லாத பாடல். அதோடு முடியும்போது அல்பம் திறந்தபடியே நிற்கிறது, இந்தக் குழு அடுத்த ஆண்டும் இன்னொன்று வெளியிடும் என்று நம்பலாம். விடுபட்ட 'போர்ன் டு டை இன் பெர்லின்' அப்படியல்ல. குழுவில் முன்பு பேஸ் கிற்றார் வாசித்த டீ டீ எழுதியது. இடையில் அவரே ஜேர்மன் மொழியில் பாடும் பகுதி தொலைபேசியில் கேட்பதைப்போல ஒலிக்கிறது. அவர் பிள்ளைப் பருவத்தை ஜேர்மனியில் கழித்தவர், 1989இல் குழுவை விட்டு விலகியவர். விலகியவரின் குரலை, ஏதோ தூரத்திலிருந்து வருவதைப்போல, கடைசி அல்பத்தின் கடைசிப் பாடலில் வைத்ததைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பாடலை முதன்முறை கேட்டபோது, பன்னிரண்டு பாடல்களாக எனக்குப் பழகியிருந்த அல்பம் பின்னோக்கி மாறத் தொடங்கியது. நல்ல மாற்றந்தானா என்று அன்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்றும் தயக்கம் உண்டு.

2025 பெப்ரவரி 16

யார் செய்த அல்பம் இது என்ற கேள்விக்கு வருகிறேன். என் வாதத்தின் மையம் இதுதான்.

13 பாடல்களில் ஆறில் டீ டீயின் பெயர் இருக்கிறது. ஆறாண்டுகளுக்கு முன்பே வெளியேறியவர் ஏறத்தாழப் பாதி அல்பத்துக்குப் பாட்டு எழுதியிருக்கிறார். அவற்றில் 'த க்ரஷர்' அவர் 1989இல் ராப் பாடகராகத் தனியே வெளியிட்ட அல்பத்தில் ஏற்கெனவே வந்தது. அந்த அல்பத்தைக் கேட்டவர்களுக்கு, கைவிடப்பட்ட ஒரு பாடலுக்குள் இப்படியொரு ரமோன்ஸ் பாட்டு இருந்திருக்கிறதே என்ற வியப்பு நிச்சயம் வரும். அதை இங்கே பாடுகிறவர் சி. ஜே., டீ டீயின் இடத்துக்கு 1989இல் வந்த இளையவர். 'மேக்கின் மொன்ஸ்டர்ஸ் ஃபோர் மை ஃப்ரெண்ட்ஸ்' பாடலையும் அவரே பாடுகிறார். விலகியவர் எழுதியதை, அவருடைய இடத்தை நிரப்பியவர் பாட, அந்த இரண்டுக்கும் நடுவில் ஜோயியும் கிற்றார் கலைஞர் ஜோனியும் நிற்கிறார்கள். அந்த இருவரும் ஒரு காதல் விவகாரத்துக்குப் பிறகு எண்பதுகளின் தொடக்கத்திலிருந்தே தமக்குள் பேச்சைத் துண்டித்துக்கொண்டு, ஒரே வாகனத்தில் பயணித்து, ஒரே மேடையில் வாசித்தவர்கள் என்பது பலரும் அறிந்தது.

இப்படிப்பட்ட ஒரு குழு, தனக்குள் இருந்த ஒவ்வொருவரிடமும் மிச்சமிருந்ததைச் சேர்த்து வேலை செய்திருக்கிறது. தங்கள் வரலாற்றை வரிசைப்படுத்திச் சொல்லவில்லை, நன்றியுரை வாசிக்கவில்லை. 'லைஃப்ஸ் எ காஸ்' பாடலில் ஜோயி மிகச் சில சொற்களையே திரும்பத் திரும்பப் பாடுகிறார். சொல்வதற்கு ஒன்றுமில்லாததால் குறைந்த சொற்கள் அல்ல அவை. அந்தக் குரல் 1976இல் இதைப் பாடியிருக்க முடியாது. அன்று அதில் விறைப்பு இருந்தது, இங்கே அதே சொற்களுக்கு நடுவில் மூச்சுக்கு இடம் விடுகிறது.

ஆகவே நான் வைக்கும் அளவுகோல் இது: அந்த வயதில் மட்டுமே அந்தக் குழுவால் செய்யக்கூடியதாக இருந்த ஏதாவது அல்பத்தில் உண்டா? உண்டென்றால் அதற்குச் சலுகை தேவையில்லை. இல்லையென்றால் சலுகை கொடுத்தும் பயனில்லை.

2025 பெப்ரவரி 17

"அப்படியானால் முதற்பாட்டே இன்னொருவருடையதாயிற்றே" என்று எழுதியவருக்கு: ஆம், 'ஐ டோன்ட் வோன்ட் டு குரோ அப்' டொம் வெயிற்ஸ் தன் மனைவி கத்லீன் பிரெனனோடு எழுதி 1992இல் வெளியிட்டது. வெயிற்ஸின் பதிவில் அது கரகரத்த, தள்ளாடும் பாட்டு. வளர மறுக்கும் பிள்ளையின் வரிகளை ஒரு முதியவரின் தொண்டையில் வைத்தது அவருடைய உத்தி. ரமோன்ஸுக்கு அந்த உத்தி தேவைப்படவில்லை. இருபது ஆண்டுகளாகத் தோல் ஜாக்கெட்டோடும் கிழிந்த ஜீன்ஸோடும் நின்றவர்கள் அதை நேராகவே பாடினார்கள், முழுமையாகத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இரவல் பாட்டு என்பதற்காக ஒரு மதிப்பெண்ணையும் நான் குறைக்கமாட்டேன்.

2025 பெப்ரவரி 23

இழையைத் தொடக்கிய வாசகருக்கு நேரடியாகப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. இந்த வாரம் சம் 41இன் கடைசி அல்பத்தை மறுபடியும் முழுதாகக் கேட்டேன். 2024 மார்ச்சில் வந்த இரட்டை அல்பம், பத்துப் பாடல்கள் ஒரு பக்கம், பத்துப் பாடல்கள் மறுபக்கம். முதற்பாதி மெட்டு முந்திநிற்கும் பொப் பங்க், மறுபாதி கனத்த கிற்றார் ஒலியுள்ள மெற்றல். அவர்களிடம் தொடக்கத்திலிருந்தே இரண்டு முகங்கள் இருந்தன, இங்கே அவற்றை இரண்டாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். மறுபாதியில் கிற்றார் வாசிப்பு எனக்கு மிகவும் பிடித்தது, கிற்றார் கலைஞர் டேவ் பக்ஷ் 2015இல் குழுவுக்குத் திரும்பி வந்ததன் பயன் அங்கே கேட்கிறது. முதற்பாதி நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது, ஆயினும் தங்கள் இளமைக்காலப் பாடல்களின் சாயலைத் தாங்களே தேடிப்போனதைப்போல் இருக்கிறது. ஒரு குழு தன் பழைய அச்சுக்குத் திரும்பிப் போவது ரசிகருக்கு இனிப்பானது, நானும் இரண்டு மூன்று பாடல்களை விரும்பிக் கேட்டேன். என் அளவுகோலில் மறுபாதி தேறுகிறது, முதற்பாதி தேறவில்லை.

அமெரிக்கப் பங்க் குழுவான நோஃபெக்ஸின் நிலை வேறு. 1983இல் தொடங்கி, 2024 ஒக்ரோபர் 6ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸின் சான் பெத்ரோவில் கடைசி நிகழ்ச்சியை நடத்தினார்கள். கடைசி அல்பம் 2022 டிசம்பரில் வந்தது. 2021இல் வெளியான முந்திய அல்பத்தையே இரட்டை அல்பமாக வெளியிடத்தான் முதலில் எண்ணியிருந்தார்கள், அப்போது ஒதுக்கியவைதான் பின்னர் தனியாக வந்தன. ஆகவே கேட்கும்போது தொடர்ச்சி கேட்கிறது, முடிவு கேட்கவில்லை. அந்தக் குழு தன் விடைபெறலை நகரம் நகரமாகப் போய் மேடையில்தான் நிகழ்த்தியது, அல்பத்தில் அதைத் தேடுவது பிழையான இடத்தில் தேடுவதாகும்.

2025 மார்ச் 2

கர்நாடக சங்கீதம் கேட்கும் நண்பர் ஒருவர் அருமையான எதிர்வாதம் வைத்திருக்கிறார். கச்சேரியின் முடிவில் பாடும் மங்களத்தை யாரும் விமர்சிப்பதில்லை, கடைசி அல்பத்தையும் மங்களமாகக் கேட்கக்கூடாதா என்கிறார்.

நான் யோசித்துப் பார்த்தேன். பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ கச்சேரிகளில் மங்களம் தொடங்கியதும் கைப்பையை எடுத்து எழுந்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மங்களம் எல்லாக் கச்சேரிக்கும் பொது, பதினெட்டு வயதில் அரங்கேறுகிறவரும் அதையே பாடுகிறார், எண்பது வயது வித்துவானும் அதையே பாடுகிறார். பாடகரின் தனித்தன்மையை அதில் தேடுவதில்லை என்பதனாலேயே அதை விமர்சிப்பதில்லை. ஒரு கடைசி அல்பத்தை மங்களமாகக் கேட்பதென்றால், அதில் அந்தக் குழுவைத் தேடுவதை நிறுத்திவிட்டேன் என்பது பொருள். டீ டீயின் ஆறு பாடல்களுக்கும் ஜோயியின் இரண்டுக்கும் நான் அதைச் செய்ய மாட்டேன். விரிவான ஆலாபனையும் கீர்த்தனையும் வந்த அதே இடத்தில் வைத்துத்தான் அவற்றைக் கேட்பேன்.

2025 மார்ச் 15

கடினமான பகுதி. எழுதுவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஜோயி 2001 ஏப்ரலில் புற்றுநோயால் இறந்தார். டீ டீ 2002 ஜூனில், ஜோனி 2004 செப்ரெம்பரில், முதல் அல்பத்தில் ட்ரம்ஸ் வாசித்த டொமி 2014 ஜூலையில். முதல் அல்பத்தின் அட்டையில் செங்கற்சுவரில் சாய்ந்து நின்ற நால்வரில் ஒருவரும் இன்று இல்லை. இது தெரிந்தபின் 'போர்ன் டு டை இன் பெர்லின்' என்ற தலைப்பை யாரால் வெறும் தலைப்பாகப் படிக்க முடியும்? பாட்டின் எடை எங்கிருந்து வருகிறது, பாட்டிலிருந்தா, பின்னர் நடந்தவற்றிலிருந்தா?

பெப்ரவரி 10ஆம் திகதிக் குறிப்பில் தயக்கம் என்று எழுதியதன் காரணம் இதுதான். நான் 1996இல் கேட்ட பன்னிரண்டு பாடல்களை, அந்த மரணங்கள் நிகழ்வதற்கு முன்பே கேட்டேன். அவற்றைப் பற்றிய என் கருத்தை நம்புகிறேன். பதின்மூன்றாவது பாடலை ஜோயியின் மரணத்துக்குப் பிறகே கேட்டேன். அதைப்பற்றிய என் கருத்தில் துக்கம் கலந்திருக்கிறது. துக்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டு மறுபடி கேட்க எனக்கு வழி தெரியவில்லை. இழையைத் தொடக்கிய வாசகர் பண்பு என்று சொன்னதும் ஒருவேளை இதைத்தான் போலும். அப்படியானால் அவருக்கும் எனக்கும் இடையிலான தூரம் நான் முதலில் எண்ணியதைவிடக் குறைவு. ஆனால் நான் கேட்பது இதுவே: துக்கத்தைத் துக்கம் என்றே சொல்வோம், அதைப் பாட்டின் தரமாக எழுதிவிடக்கூடாது.

2025 மார்ச் 16

அறிவிக்காமலே கடைசியாகிப்போன அல்பங்களையும் சேர்க்கவேண்டும் என்று ஒருவர் நினைவூட்டினார். லண்டனின் பங்க் குழுவான த க்ளாஷின் 1985ஆம் ஆண்டு அல்பம் அவ்வகை. கிற்றார் கலைஞர் மிக் ஜோன்ஸை 1983இல் நீக்கிவிட்டுச் செய்தது. 'திஸ் இஸ் இங்லண்ட்' என்ற ஒரு பாட்டைத் தவிர அதில் மீட்டெடுக்க எனக்கு எதுவும் அகப்படவில்லை. அந்த ஒரு பாட்டு மட்டும் மிகப் பெரியது.

2025 ஏப்ரல் 6

மூன்று கோட்ஸில் (கிற்றாரில் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளில்) எல்லாவற்றையும் முடிப்பவர்களுக்கு இவ்வளவு நீண்ட ஆராய்ச்சி தேவையா என்று கேட்டவர், வயதில் என்னைவிட மூத்தவர் என்பதால் மரியாதையோடு பதில் சொல்கிறேன். ஐயா, உங்கள் இளமையில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப்பிசைக்கு எத்தனை கோட்ஸ் தேவைப்பட்டன? அவை இன்றும் நம் கலியாண வீடுகளில் ஒலிப்பது கோட்ஸின் எண்ணிக்கையால் அல்லவே.

ஜோனியின் வாசிப்பைக் கவனியுங்கள். அவர் கிற்றார் தந்திகளை மேலிருந்து கீழாக மட்டுமே அடிப்பார். மேலும் கீழுமாக மாறி மாறி அடித்தால் கை இளைப்பாறும், ஆனால் ஒலியின் கனம் ஒவ்வொரு அடிக்கும் மாறும். எல்லாவற்றையும் கீழ்நோக்கியே அடிப்பதால் கனம் ஒரே சீராக நிற்கிறது, அதற்கு விலை மணிக்கட்டின் உழைப்பு. ஆண்டுகள் போகப் போக மேடையில் அவர்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1996 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹொலிவூட்டில் நடந்த கடைசி நிகழ்ச்சி, அவர்கள் கணக்கில் 2,263ஆவது, இறுவட்டாக வந்திருக்கிறது. ஒரு மணித்தியாலம் அளவில் முப்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள். ஜோயியால் சில இடங்களில் சொற்களை முழுதாக உச்சரிக்க முடியாத வேகம். அந்த இறுவட்டைக் கேட்டுவிட்டு 'அடியோஸ் அமிகோஸ்' கேட்டால், ஸ்ரூடியோவில் டானியல் ரேயின் தயாரிப்பில் வேகத்தை எங்கே அடக்கினார்கள் என்பது புலப்படும். ஜோயியின் இரண்டு பாடல்களிலும் அந்த அடக்கம் தெளிவாகத் தெரிகிறது.

2025 ஜூலை 20

அல்பம் வந்து இந்த மாதம் முப்பது ஆண்டு. முழுவதையும் மறுபடி கேட்டேன். நேர்மையாகச் சொன்னால் பலவீனமான இடங்களும் இருக்கின்றன. 'ஹேவ் எ நைஸ் டே' எனக்கு என்றுமே பிடிக்கவில்லை, எரிச்சல் மட்டும் இருக்கிறது, மெட்டு இல்லை. 'க்ரெட்டின் ஃபமிலி' தங்கள் பழைய பாட்டொன்றை நினைவூட்டுவதற்கு மேல் எதையும் செய்யவில்லை, சம் 41இன் முதற்பாதிக்குச் சொன்ன குறையை இங்கும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் பதிப்பின் முடிவில் பட்டியலில் சொல்லாமல் ஒளித்து வைத்த 'ஸ்பைடர் மேன்' கார்ட்டூன் பாட்டு, பெர்லின் பாட்டுக்குப் பின்னால் வரக்கூடாத ஒன்று என்றே முன்பு நினைத்தேன். இம்முறை அது இடையூறாகத் தோன்றவில்லை. அவர்கள் எப்போதும் கார்ட்டூனையும் கடுந்துயரத்தையும் அடுத்தடுத்து வைத்தவர்கள். ஜப்பானியப் பதிப்பில், மோட்டர்ஹெட் குழு 1991இல் ரமோன்ஸைப் போற்றிப் பாடிய பாட்டை ரமோன்ஸே பாடியிருக்கிறார்கள். கேட்கச் சுவையானது, அல்பத்துக்குத் தேவையில்லை.

'ஷீ டோக்ஸ் டு ரெயின்போஸ்' பற்றி முன்பு சொல்லாத ஒன்று. 1980இல் ரமோன்ஸ், பில் ஸ்பெக்ரரின் தயாரிப்பில், த ரொனெற்ஸ் குழுவின் பழைய பாட்டொன்றைப் பாடினார்கள். ரொனெற்ஸின் குரலான ரொனி ஸ்பெக்ரர் ஜோயி மிகவும் நேசித்த பாடகி. அவர் 1999இல் வெளியிட்ட சிறு இறுவட்டில் இந்த 'ரெயின்போஸ்' பாட்டைப் பாடியிருக்கிறார், அந்தப் பதிவைத் தயாரித்தவர்களில் ஜோயியும் ஒருவர். தன் ஆதர்சப் பாடகியின் பாட்டைப் பாடிய குழுவின் பாட்டை, அந்தப் பாடகியே எடுத்துப் பாடுகிறார். சலுகையால் கிடைக்கிற இடமல்ல அது. ஜோயி உயிரோடிருந்தபோதே கிடைத்த மதிப்பு என்பதால், மார்ச் 15ஆம் திகதி எழுதிய என் கவலையும் இந்தப் பாட்டைத் தொடவில்லை.

2025 ஜூலை 21

வரிசைப்படுத்திச் சொல்லும்படி இருவர் கேட்கிறீர்கள். 1976 முதல் 1978 வரை வந்த முதல் நான்கு அல்பங்களுக்கும், 1984இல் வந்த 'டூ டஃப் டு டை'க்கும் கீழே வைப்பேன். 1984க்குப் பிறகு வந்த மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். பெர்லின் பாட்டைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் இடம் மாறாது, இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.